வெளியே பூட்டிய கதவு

முனிவரே,

குறட்டை பலமாக இருந்ததால் எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. பூனை முந்திக்கொள்வதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

அரசாங்கம் இன்டர்நெட்டை நிறுத்தி இன்றோடு ஆறு நாள். உங்கள் ஆபீசுக்கு லீவு. எங்கள் லேபுக்கு ஏது லீவு? ஒவ்வொரு ரிசல்ட்டையும் கையால் எழுதி, கார்பன் வைத்து நகல் எடுத்து, ஸ்கூட்டரில் டாக்டர் டாக்டராகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நேற்று ஒரு குழந்தையின் ரத்த ரிசல்ட் டாக்டர் கைக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. அந்த அலுப்போடு வீட்டுக்கு வந்தால், நீங்கள் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு, "இதுதான்டி வாழ்க்கை! நெட்டு இப்படியே வராமலே இருந்துட்டா தேவலை" என்கிறீர்கள்.

அதற்கு நான் கத்தியது தப்பு. ஆனால் சொன்னது தப்பில்லை.

நீங்களாகப் போனை அணைத்து வைத்தால் அது நிம்மதி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடுவேன். அடுத்தவன் அணைத்தால்?

இன்று முழுக்க வாசல்படி தாண்ட மாட்டேன் என்றீர்களே, அதனால் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பி.கு.: இந்த வரிக்கு வருவதற்குள் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா?

இன்னொன்று: மாற்றுச் சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளேயிருந்தும் திறக்கலாம். நெட்டைப் பூட்டியவர்கள் எனக்கு இப்படி ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை.