மூக்கோடு மூக்கு

ரொட்டொருவா, நியூசிலாந்து, ஜூலை 2021

என் அன்பிற்குரியவருக்கு,

தொலைபேசியில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

சிட்னியிலிருந்து வந்த அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "டெஸ்ட் எடுத்துட்டேன், கொரோனா இல்ல" என்று சிரித்தீர்கள். நம் மாவோரி வழக்கப்படி குழந்தை ஹூயாவின் மூக்கோடு மூக்கு வைத்தீர்கள். பிறந்து ஏழு வாரமான மகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தீர்கள். நான் எப்படித் தடுப்பேன்?

நீங்கள் திரும்பிப் போன மறுநாள் அவள் பால் குடிப்பதை நிறுத்தினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே குழிந்தது. மருத்துவமனையில் கொரோனா இல்லை என்றதும் உங்கள் அக்கா, "அப்பாடா! இனி என்னடி பயம்?" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

செவிலியர் சிரிக்கவில்லை. "இது வேற வைரஸும்மா. பெரியவங்களுக்கு வெறும் ஜலதோஷம். கைக்குழந்தைக்கு மூச்சையே அடைச்சிரும். வார்டு முழுக்க இதுதான்."

டாக்டர் கேட்டார்: "வீட்டுல யாருக்காவது சளி இருந்துச்சா?"

உங்கள் அக்கா தரையைப் பார்த்தார். "எனக்குத்தான்" என்றேன்.

இன்று மாலை அவளை ஹெலிகாப்டரில் ஆக்லாந்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஆஸ்திரேலியாவுடனான எல்லையை மறுபடி மூடிவிட்டார்கள், உங்களால் வர முடியாது.

அவள் தேறி வந்தால் இதைப் பற்றி நாம் பேசவே வேண்டாம். வராவிட்டாலும், நான் சொன்னதையே நீங்களும் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி