மஞ்சள் கோடு போட்ட இன்ஜின்

செவ்வாய், மார்ச் 4. டப்ளின், கலிஃபோர்னியா

காலையிலிருந்து தூறல். கராஜ் கதவைப் பாதி இறக்கிவைத்து வேலை. மதியம் ஏர்போர்ட். ஈரோட்டில் சித்தி பையன் கல்யாணம், இரண்டரை வாரம் லீவு. பெட்டி இன்னும் கட்டவில்லை. அது கிடக்கட்டும்.

முடிந்தவை:
– ஹெட் போல்ட் எல்லாம் மூன்று சுற்றாக முறுக்கியாச்சு. ஒவ்வொன்றின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு கோடு. போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.
– ஆயில் ஊற்றியாச்சு.
– மூலையில் ஸ்டாண்டில் வைத்தபடியே இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றுகிறது!!

பாக்கி: கார்புரேட்டர், டைமிங், முதல் ஸ்டார்ட். அப்புறம் வண்டிக்குள் இறக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட் 22ஆம் தேதி. என் ஐம்பதாவது பிறந்தநாள். மு.விடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாவிட்டால் எப்படி.

வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்தபோது வாங்கின வண்டி. பச்சை, இரண்டே சீட், என்னைவிட வயதில் மூத்தது. வந்த அன்று இன்ஜின் இறுகிப்போய் அசையவே இல்லை. நான்கு வருஷ சனிக்கிழமைகள். முழுசாகப் பிரித்து, கழுவி, அளந்து, திரும்பக் கோத்தது நான். புது வேலை கிடைத்த பிறகும் விடவில்லை. என் வாழ்க்கையில் யாரும் கேட்காமல், எனக்காக மட்டும் செய்த ஒரே காரியம் இதுதான்.

மு. கராஜ் வாசலில் வந்து நின்று, "ஃப்ளைட் மிஸ் பண்ணப் போற சுகி" என்றார். நல்ல மனுஷன். டிசம்பரில் ஒருநாள் தானாகவே வந்து, "இன்ஜின் வைக்கிற இடம் எவ்வளவு அகலம்?" என்று கேட்டார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இந்த நோட்டிலேயே எழுதிவைத்திருக்கிறேன்: "முதல் முறையாக ஆர்வம்."

வெள்ளி, மார்ச் 21

வந்து சேர்ந்தாச்சு. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. மலையெல்லாம் பச்சை.

ஏர்போர்ட்டுக்கு மு. பூவோடு வந்திருந்தார். இருபத்து நான்கு வருஷத்தில் இது இரண்டாம் தடவை. கராஜுக்குப் போகப் பார்த்தேன். "அங்க எறும்பு மருந்து அடிச்சிருக்கு. நாளைக்கு வரைக்கும் போகாத கண்ணு" என்றார்.

சரி என்று படுத்துவிட்டேன். என்ன மருந்து, எதற்கு என்று கேட்கக்கூடத் தெம்பில்லை.

சனி, மார்ச் 22

வெயில். ஐம்பது.

இது இன்ஜின் நோட்டு. சொந்தக் கதை எழுத வேறு நோட்டு என்னிடம் இல்லை.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு முன்னால் நண்பர்கள் முப்பது பேர். என் தோழி வித்யா தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், தேங்காய், குங்குமத்தோடு. மு. ரிமோட்டை அமுக்கினார். கராஜ் கதவு ஏறியது. பச்சை வண்டி, கழுவித் துடைத்து, ரிப்பன் கட்டி. எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குப் புரியவில்லை. இன்ஜின் இல்லாத வண்டிக்கு எதற்கு ரிப்பன்?

மு. பானெட்டைத் தூக்கினார். உள்ளே இன்னொரு இன்ஜின். புத்தம் புதுசு, கறுப்பு மூடி, வயரெல்லாம் வகிடு எடுத்த மாதிரி. கம்பெனியிலேயே முழுசாகக் கோத்து மரப்பெட்டியில் அனுப்புவார்களே, அந்த க்ரேட் இன்ஜின். பெட்டியைப் பிரித்தால் மாட்ட வேண்டியதுதான்.

மு.வின் பேச்சு: "என்ற பொண்டாட்டி நாலு வருஷமா இதோட மல்லுக்கட்டினா. ஐம்பது வயசுல இனி அந்தக் கஷ்டம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். சாவியைத் திருப்பு, போய்ட்டே இரு!"

மறுபடி கைதட்டல்.

என் கண் போனது கராஜ் மூலைக்கு. ஸ்டாண்டு இல்லை. என் இன்ஜின் இல்லை. தரையில் இருந்த ஆயில் கறையைக்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

அழுதேன். அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக.

"பாரு பாரு, எமோஷனல் ஆயிட்டா!"
"லக்கிடி நீ. எங்க வீட்டுக்காரர் ஒரு செயின் வாங்கித் தந்ததுக்கே இன்னும் சொல்லிக்காட்டறார்."
"வீடியோ எடு, வீடியோ எடு."

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புது இன்ஜினுக்குப் பொட்டு வைத்தார்கள். என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரு இருமல் இல்லை. நான்கு பழத்தையும் நசுக்கிக்கொண்டு வெளியே ஓட்டினேன். பிறகு கேக் வெட்டினேன். எல்லோருக்கும் தாங்க்ஸ் சொன்னேன். தாங்க்ஸ்!

ஞாயிறு, மார்ச் 23

ஜெட் லேக். விடியுமுன் விழிப்பு. கராஜில் போய் வெற்று மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடியோ எல்லா க்ரூப்பிலும் ஓடுகிறது. தலைப்பு: "ஆனந்தக் கண்ணீர்". ஹார்ட் மேல் ஹார்ட்.

எல்லோருக்கும் டிசம்பரிலிருந்தே தெரியுமாம். தனி வாட்ஸப் க்ரூப், "சுகந்தி 50 சர்ப்ரைஸ்". என்னைத் தவிர அத்தனை பேரும் அதில்.

காபி கொடுக்கும்போது மு.விடம் சாதாரணமாகக் கேட்டேன். "ஏங்க, பழைய இன்ஜின் எங்க?"
"அதுவா? மாட்டிக் குடுத்த கடைக்காரனையே எடுத்துக்கச் சொல்லிட்டேன். சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு."
"அது ரெடிங்க. நேத்து ஸ்டார்ட் பண்றதா இருந்தேன். உங்ககிட்டச் சொன்னேன்."
"ரெடி ரெடின்னு நாலு வருஷமாச் சொன்ன, கண்ணு."

மகள் நிலா பான்கேக் தின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஐ டோல்ட் ஹிம் டு ஆஸ்க் யூ ஃபர்ஸ்ட், அம்மா. ஹி செட் யூ வுட் ஸே நோ."

மாட்டேன் என்று சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

நோட்டைப் புரட்டினேன். டிசம்பர் பக்கம். அகலம், நீளம், ஆழம், என் கையெழுத்தில். என் வண்டிக்கு அளவெடுக்க என்னையே டேப் பிடிக்க வைத்திருக்கிறார். "முதல் முறையாக ஆர்வம்." அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். பேப்பர் கிழிந்துவிட்டது.

திங்கள், மார்ச் 24

மழை இல்லை. சான் ரமோன் ஆபீஸ். மு.வின் வற்புறுத்தலில் பச்சை வண்டியில்தான் போனேன். ஃப்ரீவேயில் வெண்ணெய் மாதிரி போகிறது. ஏசி வேறு. ஒரு குறை சொல்ல முடியவில்லை. மட்டமாக ஓடியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாள் முழுக்க அடுத்தவர் சாஃப்ட்வேரில் பக் கண்டுபிடிக்கிறேன், அதற்குச் சம்பளம் வேறு. என் வீட்டில் மூன்று மாதம் ஓடியதைக் கண்டுபிடிக்கவில்லை.

மதியம் ஆபீஸுக்கே வித்யா வந்தாள், எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு. எலுமிச்சை! எத்தனை சனிக்கிழமை எனக்கு டார்ச் பிடித்தவள். பிஸ்டனில் ரிங் மாட்டும்போது விரல் நசுங்கி, "உன் இன்ஜின் என் ரத்தம் குடிச்சிருக்குடி" என்று சிரித்தவள்.

"சொல்லணும்னுதான்டி நெனச்சேன். சர்ப்ரைஸ்னு ப்ராமிஸ் வாங்கிட்டாரு. அவ்ளோ ஆசையா பண்றாரு, நான் எப்படிக் கெடுக்கறது?"
"பழைய இன்ஜினை என்ன பண்ணப் போறாருன்னு கேட்டியா?"
டப்பா மூடியைத் திறந்து மூடினாள்.
"கேட்டியாடி?"
"வீட்டுலயே எங்கேயாவது வெப்பாருன்னு நெனச்சேன்."

சாதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பசி என்னவோ இருந்தது.

புதன், மார்ச் 26

காற்று. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று பொய் சொல்லி அரை நாள் லீவு. லிவர்மோர். புது இன்ஜினை மாட்டின கடை; பில்லில் இருந்த அட்ரஸ்.

கடைக்காரர் பெயர் டோனி. அறுபதுக்கு மேல். வண்டியைப் பார்த்ததும் சிரித்தார். எப்படி ஓடுகிறது என்றார். நன்றாக, என்றேன். என் இன்ஜின் எங்கே என்றேன்.

சிரிப்பு நின்றது. "உங்கள் இன்ஜினா?"

பின்பக்கம் கூட்டிப்போனார். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. எடுத்தார். அப்படியே இருக்கிறது. மஞ்சள் கோடு ஒன்றுகூட விலகவில்லை. கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

டோனி சொன்னது: இன்ஜின் இறுகிப்போய்விட்டது, மனைவி முயன்று பார்த்து முடியாமல் கைவிட்டுவிட்டாள் என்று உங்கள் கணவர் சொன்னார். பழைய இரும்புக்குப் போடத்தான் எடுத்து வைத்தேன். சும்மா சுற்றிப் பார்த்தேன், சுற்றியது. ஒவ்வொரு போல்ட்டிலும் கோடு. இவ்வளவு ஒழுங்காகக் கோடு போட்டவர் கைவிட்டிருக்க மாட்டாரே என்று நினைத்தேன். பிரிக்க மனசு வரவில்லை.

முன்பின் தெரியாத மனுஷனுக்கு என் வேலையைப் பார்த்து என்னைத் தெரிந்திருக்கிறது. இருபத்து நான்கு வருஷம் கூட இருந்தவர் "முடியாமல் விட்டுவிட்டாள்" என்றிருக்கிறார். இன்ஜினைக் கொடுத்ததைவிட இந்தச் சொல்தான் வலிக்கிறது.

இதைத் திரும்ப மாட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். பழைய இன்ஜின் உட்காரும் இரண்டு மவுண்ட்டையும் அறுத்து எடுத்திருக்கிறது. கியர்பாக்ஸுக்காக நடுவில் தகரத்தை வெட்டி, வேறு வைத்து வெல்டிங். புதுசை உள்ளே நுழைக்க வேறு வழியில்லை என்றார். அவர் மேல் தப்பில்லை. கேட்ட வேலையைச் செய்திருக்கிறார், சுத்தமாகவே.

ஆக, இன்ஜின் இருக்கிறது. அதற்கு வண்டி இல்லை.

வியாழன், மார்ச் 27

வானம் மூட்டம். வாங்க வேண்டியது: தக்காளி, தயிர், கொத்தமல்லி, பிரிண்டர் இங்க்.

வீட்டிலிருந்து வேலை. மாடிப்படியில் இறங்கும்போது மு. போனில். ஜிம் நண்பர் யாரோ. "இல்லடா, இனிமே சனிக்கிழமை ஃப்ரீதான். அந்தச் சனியன் போச்சு. அந்த மூலையில ட்ரெட்மில் போடலாம்னு இருக்கேன்."

போன் வைத்ததும் எதிரில் போய் நின்றேன்.

"நான் முடியாம விட்டுட்டேன்னு அந்தக் கடையில சொன்னீங்களா?"

முகம் வெளுத்தது. "அங்க போனியா? அவன் ஆயிரம் கேள்வி கேட்டான், சுகி. எதுக்கு மாத்தறீங்க, ஏன் மாத்தறீங்கன்னு. ஏதோ ஒண்ணு சொன்னேன்."

"கிஃப்ட் எனக்கா, உங்களுக்கா?"

போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு குரல் உயர்ந்தது. "நாலு வருஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ கராஜ்ல. நானும் நிலாவும் மைக்ரோவேவ்ல சூடு பண்ணிச் சாப்பிட்டோம். அந்த இரும்போட பேசுவ, என்னோட பேச மாட்ட. வண்டி முடிஞ்சா நீ வீட்டுக்குள்ள வருவேன்னு நெனச்சேன். அது தப்பா?"

தப்பில்லை என்று ஒரு நொடி தோன்றியது. தனியாகச் சாப்பிட்டிருக்கிறார், அதுவும் உண்மைதான்.

"இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. டேப் பிடிச்சீங்களே, அன்னிக்கு. பக்கத்துலதானே நின்னீங்க?"

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

வித்யாவிடமிருந்து எட்டு டெக்ஸ்ட். பார்த்தேன். பதில் போடவில்லை.

வெள்ளி, மார்ச் 28

லீவு போட்டேன். டோனியே தன் ட்ரக்கில் கொண்டுவந்து இறக்கினார். இன்ஜினோடு ஒரு ரன் ஸ்டாண்டும் இரவல்: பேட்டரி, குட்டி ரேடியேட்டர், பெட்ரோல் கேன் எல்லாம் வைத்த இரும்புச் சட்டம். வண்டி இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம்.

பழைய மூலையில் வைத்தேன். மு.வின் காரை வெளியே நிறுத்தச் சொல்லி நிலாவிடம் சாவியைக் கொடுத்தேன். "ஆர் யூ கய்ஸ் ஓகே?" என்றாள். இல்லை என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு காரை நகர்த்தினாள்.

கார்புரேட்டர் மாட்டினேன். டைமிங் வைத்தேன்.

சனி, மார்ச் 29

பளீரென்று வெயில். காலை 9:40. கதவு முழுக்கத் திறந்து, ஃபேன் போட்டு.

முதல் தடவை: ஒரு தும்மல். இரண்டாவது: ஒன்றுமில்லை. சோக்கை இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மூன்றாவது: பிடித்துக்கொண்டது!

என்ன சத்தம்! எதிர்வீட்டு நாய் குரைக்கிறது, HOA காலனி சங்கத்திலிருந்து கண்டன லெட்டர் நிச்சயம். புதிதாகக் கோத்த இன்ஜினை முதல் முறை ஓட்டும்போது இருபது நிமிடம் வேகம் குறையாமல் ஓட வேண்டும். நடுவில் நிறுத்தினால் உள்ளே தேய்ந்து பாழாகிவிடும். ஆக்சிலரேட்டரில் கை, வாட்ச்சில் கண்.

மூன்றாவது நிமிடம் மு. வந்தார், லுங்கியோடு. வீட்டுக்குள்ளிருந்து வருகிற கதவருகே நின்றார். வாய் அசைந்தது. கேட்கவில்லை. நிறுத்து என்று கையைக் காட்டினார். முடியாது என்று தலையாட்டினேன். பதினேழு என்று விரலில் காட்டினேன்: பத்து, ஏழு.

அங்கேயே நின்றார். பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, காலால் அவர் பக்கம் தள்ளினேன். உட்கார்ந்தார். இன்ஜினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஏதோ சொன்னார். ஸாரியாகவும் இருக்கலாம். முடிகிற வரைக்கும் இருந்தால், என்ன சொன்னீர்கள் என்று கேட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தால் போதும் என்றுகூட நினைத்தேன்.

ஏழாவது நிமிடம் போனைப் பார்த்தார். எட்டாவது நிமிடம் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

10:00. நிறுத்தினேன். ஆயில் பிரஷர் நன்று. கசிவு எங்கும் இல்லை.