உன் அப்பா கல்லில் என்ன வெட்டுவது

படாளம்,
4-11-1974

கர்த்தருக்குள் அன்பான மகன் தர்மராஜுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் உன் தங்கை பாப்பாவும் சளி ஒன்றைத் தவிர மற்றபடி சுகம். பிலாயில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், போன வருஷம் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தாமல் உடம்பில் போட்டுக்கொள். பாப்பாவுக்கு டைப்ரைட்டிங் பரீட்சை நல்லபடி முடிந்தது. இங்கே மழை சரியாக இல்லை, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் அப்பாவுக்கு வருஷம் திரும்புகிறது, அதற்குள் கல்லறையில் கல் நட வேண்டும் என்று எழுதினேன். நீ பதிலுக்கு, என்ன வேண்டுமானாலும் வெட்டுங்கள், பொய் எழுதின கல்லில் மட்டும் என் பெயர் வேண்டாம் என்று எழுதிவிட்டாய். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளை பெயர் இல்லாத கல்லை நான் எந்த முகத்தோடு நடுவேன்.

ஆனால் நீ சொன்னது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஒரு மாசத்தில்தான் எனக்குத் தெரிந்தது. உன் அப்பா சாலமோனைப் பற்றிப் பொய் இல்லாமலும் திட்டு இல்லாமலும் ஒரு வரி எழுது பார்க்கலாம். முதலில் உன் சித்தப்பா ஒரு முழுத்தாள் எழுதிக் கொண்டுவந்தார். சாந்த குணசீலர், இன்சொல் பேசியவர், ஏழைப் பங்காளர் என்று. இன்சொல் என்று வாசித்ததுமே பாப்பாவுக்குக் காப்பி புரையேறி, முதுகில் தட்டித்தான் நிறுத்தினேன். சித்தப்பாவுக்குக் கோபம், செத்தவரைப் பற்றி நல்லதுதானே அண்ணி எழுதணும் என்றார். நல்லது எழுதுங்கள், வேறு ஆளைப் பற்றி எழுதாதீர்கள் என்றேன். பிறகு போதகர் ஐயா வந்து, இங்கே இளைப்பாறுகிறார் என்று போட்டால் போதும் என்றார். அவர் இளைப்பாறுவார் ஐயா, பக்கத்துக் கல்லறைக்காரர்களை இளைப்பாற விடுவாரா என்று கேட்டுவிட்டேன். அவரும் சிரித்துவிட்டார். அவரையே ஒரு தரம் மூடின ரயில்வே கேட்டுக்கு அடியில் சைக்கிளை நுழைத்ததற்காக நாலு பேர் முன்னால் திட்டிய கேட் கீப்பர்தானே உன் அப்பா. அடுத்த ஞாயிறு ஐயா நாவடக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ண, அப்பா முன் வரிசையில் உட்கார்ந்து, யாரையோ சொல்கிறார் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கண்டிப்பானவர் என்று போடலாமே என்றாள் பாப்பா. அது ஹெட்மாஸ்டருக்குப் போடுகிற வார்த்தை. கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்று போடலாமா என்று நானும் யோசித்தேன், ஆனால் அது திட்டு வாங்கின பெண்டாட்டிகள் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொல்வது, கல்லில் ஏற்றுகிற விஷயம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நானும் பாப்பாவும் மாமல்லபுரம் போய்க் கல்தச்சர் தாண்டவராயனைப் பார்த்தோம். கல் தயாராக இருக்கிறது, சிலுவை அழகாக வந்திருக்கிறது, வார்த்தைதான் பாக்கி. நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, அன்பே உருவானவர்னு போட்டுறவாம்மா, எல்லாக் கல்லுலயும் அதான் போட்டுகினு கீறேன், இதுவரிக்கும் எந்தப் பொணமும் வந்து கம்ப்ளெயிண்ட் பண்ணல என்றார். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர்கள் பண்ணுவார்கள், கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கூடிச் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு திரும்பினோம்.

செங்கல்பட்டில் பஸ் மாறினால் டிரைவர் யார் தெரியுமா, இருசப்பன். நீ இன்டர்வியூவுக்குக் கிளம்பி, அப்பாவின் கேட்டைத் தாண்ட முடியாமல் திரும்பிவந்த அன்று அந்த பஸ்ஸை ஓட்டினவர் இவர்தான். முன் சீட்டில் உட்காரவைத்து, இன்னாம்மா முகம் வாடிக் கீதே என்று கேட்டார். கல் சமாசாரத்தைச் சொன்னேன். வண்டியைக் கிளப்பாமலே சொன்னார். அன்னிக்கி ஒரு ரயிலு வண்டி போயிடுச்சி, அப்பவும் சாலமோன் அண்ணாத்த கேட்டத் தெறக்கல, உன் புள்ள எறங்கிப் போயி கெஞ்சிச்சி, தறுதலை, நீ கலெக்டரே ஆனாலும் நான் தெறக்கறப்பதான் தெறப்பேன், போய் உக்காருடான்னு பஸ்ஸு மொத்தத்துக்கும் கேக்கற மாதிரி கத்துனாரு, புள்ள ரோசத்துல வயக்காட்டு வழியா வூட்டுக்குத் திரும்பிப் போயிடுச்சி. அது அந்தாண்ட போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எதிர்ப்பக்கத்துலருந்து கூட்ஸு ஒண்ணு தடதடன்னு வந்துது பாரு. தெறந்திருந்தா நானும் இல்ல, பஸ்ஸுல ஒருத்தனும் இல்ல. இத்தினி வருசத்துல அவரு திட்டாத ஆளு இந்தப் பக்கத்துல கெடையாதும்மா, ஆனா திட்டு வாங்குனவன் பூராம் உசுரோட கீறோம் என்றார்.

எனக்குப் பஸ் என்றும் பார்க்காமல் அழுகை வந்துவிட்டது. இரண்டாவது வண்டி வந்தது எனக்கே இதுவரை தெரியாது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் நீ பெட்டியைக் கட்டும்போதும் முற்றத்தில் நின்று கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாரே தவிர சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு இப்போதும் கோபம்தான். இன்னொரு வண்டி வருது என்று மூன்று வார்த்தை அந்த வாயிலிருந்து வந்திருந்தால், என் பிள்ளை மூன்று வருஷம் அப்பனோடு பேசாமல் இருந்திருப்பானா. உலகத்தில் உள்ள வசவெல்லாம் தெரிந்த ஆளுக்கு அந்த மூன்று வார்த்தை கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்லேட்டில் எழுதி எழுதி அழித்து, பாப்பா கையால் தாண்டவராயனுக்குக் கார்டு போட்டுவிட்டேன். நாலே வரி. சாலமோன், படாளம். இருபத்திரண்டு வருஷம் ரயில்வே கேட் காத்தார். அங்கே ஒருவரும் சாகவில்லை. கடைசி வரியில் பெயர்கள். சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை, இது என்ன ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதின ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது என்கிறார். இருக்கட்டும். இதில் பொய் இருந்தால் நீ சொல். ஒருவரும் என்று நான் எழுதினதில் நீயும் அடக்கம்.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாகக் காக்கட்டும், போக்கிலும் வரத்திலும் கூட இருக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காவிட்டாலும் ஜனவரிக்கு எப்படியாவது வந்து சேர். அதற்கு முன்னால் ஒன்று செய். அன்று வீட்டை விட்டுப் போனதிலிருந்து உன் கடிதங்களில் வெறும் தர்மராஜ் என்றுதான் கையெழுத்துப் போடுகிறாய். கல்லில் உன் பெயர் எப்படி வர வேண்டுமோ அப்படியே உன் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்பு. முன்னால் சா. என்று ஓர் எழுத்துக்கும் சேர்த்துத்தான் தாண்டவராயனை இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
எஸ்தர் சாலமோன்