வேகத்தடை எங்கே போட வேண்டும்?

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த ராத்திரி நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்; குட்டி இப்போதுதான் தூங்கினாள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

போன மாதம், குட்டியை விட்டுவிட்டு ஆபீஸ் போகும் குழந்தைகள் காப்பக வாசலில், அவள் என் கையை உதறிவிட்டு ரோட்டில் ஓடினாள். வேன்காரர் பிரேக் போட்டுவிட்டார். போனது ஒரு செருப்புதான், பயப்படாதீர்கள்.

தெருக் குழுக் கூட்டத்தில் போய் வேகத்தடை கேட்டேன். இங்கே குறை சொன்னவரே ஆதாரமும் கொண்டுவர வேண்டுமாம். ஒரு வாரம் காலையில் வாசலில் நின்று வண்டிகளை எண்ணினேன். எதிர்த் தையல்கடை அக்கா, "நீ ஆபீசுக்கு ஓடு, மிச்சத்த நான் எண்ணுறேன். ஊசி கோத்துக் கோத்து எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார்.

இன்று ஓட்டெடுப்பு. குட்டி இரண்டு கையையும் தூக்கினாள். "ரெண்டு கை தூக்கினா ரெண்டு ஓட்டு கெடையாதுடி தங்கம்" என்றார் தலைவரம்மா. சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. இந்த ஊரில் என் பேச்சை இத்தனை பேர் உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

எங்கே போடுவது என்று கேட்டபோது அவசரப்பட்டு, "காப்பகத்து வாசல்லயே" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். வண்டி வேகம் குறைவதற்குள் குழந்தை ரோட்டில் இறங்கிவிடுமே? அடுத்த கூட்டத்தில் இடத்தை மாற்றிக்கொள்ளலாமாம். முப்பது வருஷம் ரோடு போட்டவர் நீங்கள். வாசலுக்கு எத்தனை அடி முன்னால் போட வேண்டும் என்று படம் வரைந்து அனுப்புங்கள். போனில் சொன்னால் போதாது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தும் நாளாகிறது.

குட்டி புரள்கிறாள், முடிக்கிறேன். கூட்டம் பதினைந்தாம் தேதி. அதற்குள் பதில் போடுங்கள், அப்பா.