உங்கட பேரில் ஒரு ஊர்

வில்சன் நகரம்,
அமெரிக்கா.
18.5.1964

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் வருத்தம் இப்ப எப்படி? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுறாவா?

இஞ்ச நடந்த பகிடியைக் கேளுங்க. கல்லூரிப் பாரத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் நான் உங்கட பேரைத்தானே எழுதினேன்? இந்தச் சின்ன நகரத்துக்கும் அதே பேர், பாதிச் சனத்துக்கும் அதே பேர். போன சனிக்கிழமை வில்சன் குடும்பத்தாரின் ஒன்றுகூடலுக்கு எனக்கும் அழைப்பு வந்திட்டுது! போனால், வெள்ளைக்காரருக்கு நடுவில் கறுத்தவன் நான் ஒருத்தன்தான். ஒரு கிழவி வந்து, "நீ எந்த வில்சனின் பிள்ளை?" என்று கேட்டா.

"பெரியகல்லாத்து வில்சன் மாஸ்டரின் மகன். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்ல, அப்பாட பேர்தான்" என்றேன்.

அவ விழுந்து விழுந்து சிரித்து, தட்டு நிறையக் கோழிப் பொரியல் போட்டு, அவங்கட குடும்பப் புத்தகத்தில் உங்கட பேரையும் எழுதிப்போட்டா. மாஸ்டர் இனி அமெரிக்கக்காரர்!

அம்மாட மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்க. உறையில் வில்சன் என்றே போடுங்க, தபால்காரனுக்கு அதுதான் தெரியும். உள்ளுக்கு மட்டும் என்ட பேரை ரெண்டு மூன்று தரம் எழுதுங்க அப்பா. எட்டு மாசமாக அதைச் சொல்லிக் கூப்பிட இஞ்ச ஆளில்லை.

வகுப்புக்கு மணி அடிக்குது, ஓடுறன்.

உங்கட மகன்,
தேவரெத்தினம்