பழைய ஃபைல்

மே 4

பூபதி சார் இன்றும் எதுவும் சொல்லித்தரவில்லை. கடத்தூரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவர், கோடை விடுமுறைக்கு ‘டிசைனிங் கோர்ஸ்’ என்று போர்டு மாட்டினார். அதோடு வாத்தியார் ஆகிவிட்டார். பழைய ஃபைலைத் திறப்பார், பேரை மாற்றுவார், போட்டோவை மாற்றுவார், அச்சுக்கு அனுப்புவார். போன வாரம் ஒரு புதுமனை புகுவிழா பேனர் ‘கண்ணீருடன் குடும்பத்தார்’ என்ற வரியோடு போய்விட்டது.

பென் டூலை நானேதான் பழகினேன். ஒரு தக்காளி வரைய மூன்று நாள். புள்ளி வைத்து, கோட்டை இழுத்து வளைக்க வேண்டும். சார் நாற்பது புள்ளி வைப்பார். எனக்கு ஆறு போதும்.

மே 9

போட்டோவைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். வெக்டாரில், அதாவது புள்ளியும் கோடுமாக வரைந்தது, உடையாது; நகம் அளவு எழுத்தைச் சுவர் அளவுக்கு இழுத்தாலும் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். சாரிடம் சொன்னேன். “தூரத்துல இருந்து பாத்தா அதெல்லாம் தெரியாதும்மா” என்றார்.

மே 13

எனக்குக் கல்யாணமாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள். தீர்த்தமலைக் கோயிலில். முருகேஷ் மாமாவோடு — அம்மாவின் தம்பி, முப்பத்தொரு வயது. பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் அப்பா போனிலேயே சரி சொல்லிவிட்டார்.

எனக்குப் பதினாறுதான் என்றேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “எனக்குப் பதினஞ்சுல ஆச்சு. செத்தா போயிட்டேன்?”

எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். வேதியியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களை யாரும் புரட்ட மாட்டார்கள் — மாட்டார்கள்தானே?

மே 14

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடிக்கலாம். எந்தப் போனில்? அம்மாவின் போன் இப்போது மாமாவின் பையில். கடைப் போனைத் தொட்டால் அடுத்த நிமிடம் சார் மாமாவிடம் சொல்லிவிடுவார்.

மே 18

வீட்டில் இருந்தால் அழுதுகொண்டிருப்பேன் என்று கடைக்கு மட்டும் அனுப்புகிறார்கள். இன்று மாமாவே வந்தார், கல்யாணப் பேனருக்கு ஆர்டர் கொடுக்க. பன்னிரண்டடி. கூலிங் கிளாஸ் போட்ட, வாட்ஸ்அப்பில் சுற்றி மங்கிப்போன போட்டோ. பேருக்குப் பின்னால் ‘தொழிலதிபர்’ போட வேண்டுமாம். இருப்பது ஒரு ஜேசிபி. அதுவும் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில். என் பேருக்குப் பின்னால் ஒன்றுமில்லையே என்றுதான் அவருக்குக் கவலை.

“மொட்டையா இருக்குதுங்க சார். பி.எஸ்சி.ன்னு போட்டுவுடுங்க. எவன் வந்து கேக்கப்போறான்?”

சார் தலையாட்டிவிட்டு என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார். “போன வருசம் நீ பத்தாவதுல மார்க் வாங்குனதுக்கு உங்க மாமா பேனர் வெச்சாரில்ல, அந்த ஃபைலையே எடுத்து மாத்தும்மா. உன் போட்டோ அதுலயே இருக்குது.”

கல்யாணப் பெண்ணையே பேனர் செய்யச் சொல்கிற அறிவு. பிறந்த தேதி போட்ட என் பள்ளி அடையாள அட்டையின் நகல் சாரின் டிராயரில்தான் கிடக்கிறது.

மே 19

மாற்றினேன். ஒரு வரி தவிர எல்லாவற்றையும் மாற்றினேன். ‘2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் 471 மதிப்பெண் பெற்ற எங்கள் செல்வி.’ அதைச் சுருக்கி என் போட்டோவுக்குக் கீழே வைத்தேன். போன் திரையில் ஓர் ஓர வேலைப்பாடு மாதிரி தெரியும். பிறகு எழுத்தையெல்லாம் ‘கர்வ்’ என்கிற வளைகோடுகளாக மாற்றினேன். இனி அது வெறும் புள்ளியும் கோடும். அச்சடிக்கிறவர் தட்டித் திருத்த முடியாது.

மாமா போனில் பார்த்தார். தன் முகத்தை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கொஞ்சம் செவப்பாக்கச் சொன்னார். முடிந்தது.

கேட்டால் பழைய ஃபைலில் இருந்தது என்பேன். நம்பாவிட்டால்? கொன்னே போடுவாங்க.

மே 22

பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டார்கள். மாமாவின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, மூக்கு எது மீசை எது என்று தெரியவில்லை. என் வரி உள்ளங்கை உயரத்துக்கு, ஒரு பிசிறு இல்லாமல் நிற்கிறது. மேலே பி.எஸ்சி. கீழே போன வருடத்துப் பத்தாவது. ஊரே அதன் அடியில் நின்றுதான் பஸ் ஏறுகிறது. ஒருத்தரும் படிக்கவில்லை. ஜோடி நல்லா இருக்குதாம்.

மே 23

ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள்.

மே 24

எங்கள் பள்ளி சோபனா டீச்சர் பஸ்ஸுக்கு நிற்கும்போது படித்துவிட்டு 1098-க்குச் சொல்லியிருக்கிறார். காலையில் இரண்டு பெண் அதிகாரிகளும் ஒரு பெண் போலீஸும் வீட்டுக்கே வந்தார்கள். பொண்ணு பி.எஸ்சி. முடித்தது என்று மாமா சாதித்தான். அதிகாரிகளில் மூத்தவர் பேனரைத் தன் போனில் பெரிதாக்கிக் காட்டினார். “பத்தாவது முடிச்ச அடுத்த வருசமே பி.எஸ்சி. குடுக்கறது எந்தக் காலேஜுங்க?”

பதினெட்டு முடியும்வரை கல்யாணம் இல்லை என்று மாமாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் பூபதி சார் வந்தார். “மன்னிச்சுருங்கண்ணா. பழைய ஃபைல்ல இருந்துருச்சு. நாந்தான் பாக்காம வுட்டுட்டேன்.” மாமா அவர் சட்டையைப் பிடித்தான். தன் தப்பு என்றே நம்புகிறார் மனிதர். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான்.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தது. ஒன்பது நாளாகப் பேசாத அம்மா, என் துப்பட்டாவுக்கு ஊக்குக் குத்திவிட்டுக்கொண்டே கேட்டாள்: “உனக்குப் பதினெட்டு என்னிக்குடி முடியுது?”

பெற்றவளுக்குத் தேதி தெரியவில்லை.

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.