உப்பு என்று நான் சொன்ன வெள்ளை

இன்று காலை மழை விட்டதும் கராஜைத் திறந்தேன். மூலையில் நனைந்து கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து அந்த வாடை வந்தது. பூசண வாடை. கதவை இறக்கிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அந்த வாடையைத் தாண்டி என்னால் உள்ளே போக முடியவில்லை.

உங்களுக்கு வெற்றிலை போடும் பழக்கம். ஹில்கிராஃப்டில் இருக்கும் நம்மூர்ச் சாமான் கடைகளில் வெற்றிலை கிடைத்தது. நாக்குக்குப் பிடித்த புகையிலைதான் கிடைக்கவில்லை. "புகையிலை மண்டிக்காரர் மாப்பிள்ளை நான், எனக்கா பஞ்சம்?" என்று இங்கே சுகர் லேண்டில் வீட்டுப் பின்பக்கம் இருபது செடி வைத்தீர்கள். கராஜில் கயிறு கட்டி இலைகளைத் தொங்கவிட்டு, காயவைத்துப் பதப்படுத்தி நீங்களே பாடம் செய்தீர்கள். ஃப்ரீவே நெரிசலில் வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கேதான் போவீர்கள்.

இரண்டாவது வருடம் மழை விடவே இல்லை. இலை பழுத்தது, நடு நரம்பு காயவில்லை.

"ஏய், இலை மேல வெள்ளையா ஏதோ இருக்கு. கொஞ்சம் செக் பண்ணேன்" என்று கராஜிலிருந்து கூப்பிட்டீர்கள்.

எங்கள் ஊரில் நன்றாகப் பாடமான இலையில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைப் பார்த்துத்தான் தரம் சொல்வார்கள். கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றபடி, தொடாமல், முகராமல் சொன்னேன். "உப்பு பூத்திருக்குங்க. ஃபர்ஸ்ட் குவாலிட்டி!" மண்டிக்காரர் மகள் என்ற திமிர், வேறென்ன.

அப்புறம் இருமல் வந்தது. காய்ச்சல், மூச்சுத் திணறல். வேலையாக டல்லாஸ் போன ஒரு வாரம் நன்றாக இருந்தீர்கள். திரும்பியதும் மறுபடி ஆரம்பித்தது. மாடிப்படி ஏறும்போது நடுவிலேயே நின்றுவிடுவீர்கள். வீட்டில் எங்காவது மோல்ட், அதுதான் பூசணம், உண்டா என்று டாக்டர் கேட்டார். "நோ" என்றேன். கராஜில் காயும் இலைகளைப் பற்றி நீங்களாகவே அவரிடம் சொன்னீர்கள். மேலே இருப்பது வெறும் உப்பு, இவள் பிறந்த வீட்டுத் தொழிலே அதுதான், இவளுக்குத் தெரியாததா என்று சிரித்தீர்கள்.

பத்து நாள் கழித்து ஓர் இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உப்பென்றால் மினுங்கும், நாக்கில் கரிக்கும். இது பஞ்சாக இருந்தது. ஊதியதும் சாம்பல் மாதிரி பறந்தது. இலை விரலிலேயே நொறுங்கியது. புகையிலை மணமே இல்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பைகளில் அடைத்தேன். அழுதுகொண்டே உங்களிடம் சொன்னேன்.

"விடு, நானும்தானே பார்த்தேன்" என்றீர்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

நுரையீரல் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. பூசணம் மட்டும்தான் காரணமா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன்.

போன வாரம் நம் மகள் பால் கேனை நீட்டி, "அம்மா, இஸ் திஸ் ஓகே?" என்றாள். தேதி தாண்டவில்லை. முகர்ந்தேன். கிளாஸில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். ஓகே என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லைங்க.